மலைச்சாமி மரம் எண்ணும் நாள்

ஃபுயுமி கண்ணு,

மலைச்சாமி மரங்களை எண்ணும் நாளில் இங்கே யாரும் காட்டுக்குள் போவதில்லை. போனால் சாமி அவரையும் மரமாக எண்ணிவிடும். தெரிந்தும் அப்பா போனார்.

"பனிப் பாரத்துல சாஞ்சு கெடக்குற சுகி மரக் கன்னுகள உன் சாமியா கயிறு கட்டி நிமித்தப் போவுது?" என்று சிரித்தார்.

தேடிப் போனவர்கள் கயிற்றை மட்டும் கொண்டுவந்தார்கள்.

சுகி மகரந்தம் பறக்கும்போது தும்முவாரே, அதற்கு நீ அனுப்பிய மருந்தை இன்னும் பிரிக்கவில்லை. அவருக்கு எடுத்துவைத்த சோற்றைத் தினமும் சுடவைக்கிறேன்.

அவர் முன்பே விற்ற பெரிய மரங்களை வெட்ட நாளை ஆட்கள் வருகிறார்கள். "வெறும் மரந்தானேம்மா, ஏன் பதறுறீங்க?" என்கிறார்கள்.

உடனே வந்து தடு. ஒவ்வொரு மரத்தையும் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டேன். எது அப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா