மொட்டைமாடியில் நீ பார்த்த தண்ணீர்

இன்று காலை எங்கள் தெருவில் கொசுப்புகை அடித்தார்கள். வாடை உள்ளே வந்ததும் ஜன்னலைச் சாத்த எழுந்தேன்; சாத்தாமல் நின்றுவிட்டேன். நீ இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது.

கிள்ளானில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் டெங்கிக் காய்ச்சல் பரவியபோது நான், எல்லாரும் ஒய்.பி. என்று கூப்பிடும் சட்டமன்ற உறுப்பினரின் செயலாளர். நீ கொசுக்களை ஆராய்கிறவள். பள்ளித்தோழி என்ற உரிமையில் போன் போட்டுக் காரணம் கேட்டேன். "பூச்சட்டித் தண்ணியா இருக்கலாம். வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாய். நான் காத்திருக்கவில்லை. பூச்சட்டிகள்தான் காரணம் என்று ஒய்.பி.யின் பெயரில் அறிக்கை விட்டேன். குடியிருப்பாளர்களின் அலட்சியம் என்றும் ஒரு வரி சேர்த்தேன்.

சனங்கள் சட்டிகளைத் தூக்கி எறிந்தார்கள். இரண்டாம் மாடி ஆன்டி, பத்து வருஷமாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியையும் எறிந்தார். காய்ச்சல் நிற்கவில்லை. அவருடைய பேத்தியே மருத்துவமனையில் படுத்தாள்.

நீ வந்து நேராக மொட்டைமாடிக்கு ஏறினாய். யாரும் பயன்படுத்தாத பழைய தண்ணீர்த் தொட்டிகள், மூடி உடைந்து கிடந்தன. ஒரு குவளையில் மொண்டு காட்டினாய். தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது. அந்தத் தொட்டிகளை அகற்ற வேண்டியது நிர்வாகத்தின் வேலை, சனங்களுடையது அல்ல.

மாலைக் கூட்டத்துக்கு முன் உன்னைக் கெஞ்சினேன். "சட்டியும் காரணம், தொட்டியும் காரணம்னு பொதுவா சொல்லிடு லா. ஒய்.பி. பேரு கெட்டுடும்."

"சட்டியில நான் ஒண்ணும் பார்க்கலையே. அப்படிச் சொன்னா பழி சனங்க மேலயே நிக்கும்" என்றாய்.

கூட்டத்தில் ஆன்டி எழுந்தார். "சட்டின்னு சொன்னீங்க, இப்ப தொட்டிங்கிறீங்க. எதை நம்புறது?"

"சட்டின்னு சந்தேகப்பட்டது நான்தான் ஆன்டி. அது தப்பு, மன்னிச்சுக்குங்க. அப்ப பார்க்காம சொன்னேன். இப்ப ஏறிப் பார்த்துட்டு சொல்றேன்."

அறிக்கை எழுதியது நான் என்று நீ சொல்லவில்லை. பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒய்.பி. உன் பக்கம் திரும்பினார். "எத்தனை தொட்டி இருக்கு டாக்டர்?" என்று கேட்டார். அந்த வாரமே தொட்டிகள் இறங்கின. காய்ச்சல் மெல்லக் குறைந்தது. பேத்தியும் வீடு திரும்பினாள். நான் உன்னைப் பாராட்டியபோது, "மழை விட்டதும் காரணமா இருக்கலாம்" என்றாய். எனக்கு அப்போது எரிச்சலாகக்கூட இருந்தது.

ஒய்.பி. மாறிவிட்டார், நான் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். போன மாதம் ஒரு தாமான் குடியிருப்பில் வெள்ளம் புகுந்தது. லோங்காங் சாக்கடையில் குப்பை போட்டவர்களைக் கண்டித்து ஒரு மணி நேரத்தில் அறிக்கை வேண்டும் என்றார் புதியவர்.

"இன்னும் யாரும் போய்ப் பார்க்கல ஒய்.பி. நாளைக்கு இன்ஜினியரோட போய்ப் பார்த்துட்டு எழுதறேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. ஆனாலும் நான் எழுதவில்லை.