கோலாலம்பூர் முதலாளிகள் கூட்டம்

கோலாலம்பூர்,
12.8.2001

அன்புள்ள அம்சாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் நம்ம பொண்ணு திரிஷாவும் எப்படி இருக்கீங்க? உன் முழங்கால் வலி தேவலையா?

இங்க சொந்தமா தொழில் பண்றவங்க சங்கம் ஒண்ணு இருக்குது. நாப்பது நாட்டுல கிளையாம், இன்னும் தொறந்துக்கினே இருக்காங்களாம். போன வாரம் என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க, போனேன். யாரும் யாருக்கும் எதையும் விக்கக்கூடாது, தொழில்ல இருக்கிற கஷ்டத்தை மனசு விட்டுச் சொல்லணும், கேட்டது வெளிய போகாதுன்னாங்க. விக்காம வாங்காம வியாபாரி எதுக்கும்மா கூடுவான்? பக்கத்து வீட்டுக்காரர் வந்தா தறியில இருக்கிற புது டிசைனைத் துணி போட்டு மூடுற தெருவுல வளர்ந்தவன் நான்.

எதிர்ல ஒரு சீனர், பெரிய செருப்புக் கம்பெனி முதலாளி, நஷ்டத்தைப் பொண்டாட்டிகிட்ட மறைச்சிட்டேன்னு அழுதார். நம்ம வாயைக் கிளற நாடகம் போடறார்னு நெனச்சேன். என் முறை வந்தப்போ, "புடவைக் கடை நல்லா ஓடிக்கினு இருக்குது"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. அந்தச் சீனர் மட்டும் எனக்கு டீ ஊத்திக் குடுத்தார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தா தாளிப்பு வடகம் குடுத்தனுப்பு. தனியா சமைக்கிறப்போ அந்த வாசனையாவது கூட இருக்கட்டும்.

கடையைத் தொறக்கணும், இத்தோட முடிச்சுக்கிறேன். அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் நான் சொன்னதை நம்பின மாதிரி தெரியலை. நீ நம்புற இல்ல?

பரசுராமன்