கைதக்கோணத்தில் கேட்ட மறுகுரல்

ஜூன் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காலையில் லிஜி வந்தாள். கைதக்கோணம் ஏலாவின் கீழ்க்கரையில் அவள் வீடு. வயல்வெளி என்றாலும் ஏலாவில் இப்போது நடவு இல்லை. கோரையும் தண்ணீரும் பறவைகளும்தான். உடைமைக்காரர் விஜயதாஸ் அதைத் தரிசு என்று சொல்லி, பாதுகாக்கப்பட்ட வயல்நிலப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார். நீக்கிவிட்டால் செம்மண் கொட்டிக் கல்யாண மண்டபம் கட்டலாம். கேரள எல்லைப் பாறசாலையில் மண்டபத்துக்கா பஞ்சம்? மாப்பிள்ளைக்குத்தான்.

“மண்ணு விழுந்தா வெள்ளம் எனக்க அடுக்களையிலயாக்கும் வந்து நிக்கும். நீங்க படிச்ச ஆளு, பட்சி பாக்குற ஆளு. நீங்க எழுதினா ஆப்பீசர் கேப்பாரு, டீச்சர்.”

ஆட்சேப மனு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். புகழ்ச்சிக்கு மயங்குகிறவள் அல்ல நான் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

ஏலாவில் மயில் உள்ளான் என்ற கூச்சமுள்ள சதுப்புப் பறவை உண்டு என்பது என் நீண்டநாள் நம்பிக்கை. பார்த்ததில்லை. அந்தி மயங்கும்போது பெட்டை குரல் கொடுக்கும். காலிப் புட்டியின் வாயில் ஊதுவதுபோல் ஒலிக்கும். இனப்பெருக்கக் காலத்தில் கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை ஏமாற்றி வரவழைப்பது ஈனச்செயல். மார்ச்சில் அதற்காகத்தான் நிபினைப் பறவை நோக்கர் குழுவிலிருந்து நான் நீக்கினேன். பலர் முன்னிலையில், சற்று நீளமாகவே கண்டித்து.

இன்று மாலை கைதை என்கிற தாழம்புதரின் பின்னால் முக்காலி போட்டு அமர்ந்து, அதே காரியத்தை நான் செய்தேன். நல்ல நோக்கத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். நிபினும் அப்படித்தான் சொன்னான்.

எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது. குறிப்பேட்டில் நேரத்தை இருமுறை எழுதினேன். மகிழ்ச்சியால்தான்.

ஜூன் 15, சனி

இன்றும் பதில். அதே சுருதி, அதே இடைவெளி. அபாரமான ஒழுங்கு.

ஜூன் 19, புதன்

மனு கொடுத்தாயிற்று. ‘மயில் உள்ளான் இணை இங்கே இனப்பெருக்கம் செய்கிறது, பெட்டையின் குரலை நானே நேரில் கேட்டேன்’ என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். வெள்ளம் புகுவது கடைசிப் பத்திக்குப் போயிற்று. லிஜி அதைப் படித்து, “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 3, புதன்

நிபின் வந்தான். வங்கி உத்தியோகம், கழுத்தில் எப்போதும் கேமரா. இன்று அது இல்லை. நாற்காலியின் நுனியில் அமர்ந்தான்.

“டீச்சர், மனுவில மயில் உள்ளான் எழுதியிருக்கியள்னு கேட்டேன். நானும் போன மாசம் மேக்கரையில இருந்தேன். பாட்டு போட்டுத்தான். நீங்க திட்டுங்க, பரவாயில்ல. எனக்கும் பதில் வந்துது. ரெக்கார்டு பண்ணுனேன். ஆனா…”

“ஆனா?”

“எனக்க பட்சிக்கு ஒரு போன் வந்துது, டீச்சர்.”

கைபேசியை என் பக்கம் நீட்டினான். பறவை கூவுகிறது. பாதியில் நிற்கிறது. மணியடிக்கிறது. பிறகு ஒரு கிழவியின் குரல், என் குரல்தான், நாகர்கோவிலில் இருக்கும் என் தங்கையிடம்: “ஏட்டி, வை போனை. பட்சி விளிக்கு, பெறவு பேசலாம்.”

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனை வெறுத்துச் சமாளித்திருப்பேன்.

இரு கரைகளிலும் இரண்டு கைபேசிகள். ஒரே வலைத்தளத்திலிருந்து இறக்கிய ஒரே பதிவு. நடுவே தண்ணீர். அந்த ஒழுங்கை நான் வியந்தேன்! விலங்கியல் கற்பித்த வாய் இது.

போகும்போது அவன், “இது நமக்கு ரெண்டு பேருக்கு மட்டுமல்லியா தெரியும்” என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். ‘நமக்கு’ என்ற சொல் கன்னத்தில் அறைந்தது.

ஜூலை 4, வியாழன்

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கை சொல்லும் இடத்தில் வாயை மட்டும் அசைத்தேன். முன்வரிசையில் விஜயதாஸ் உரக்கச் சொன்னார்.

ஜூலை 9, செவ்வாய்

நாளை விசாரணை. மாலையில் லிஜியின் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவதென்று. அவள் சாயா தந்தாள். நாளைக்கு உடுத்த சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். “ஆப்பீசர் பட்சியைப் பத்திக் கேட்டா நீங்க பேசுங்க, எனக்குப் பேசத் தெரியாது” என்றாள்.

சாயா குடித்தேன். வந்துவிட்டேன். என்ன பொம்பள நான்!

அந்தப் பறவை அங்கே இருக்கவும் கூடும் அல்லவா? கேட்கவில்லை என்பதால் இல்லை என்றாகுமா? — இந்தத் தர்க்கத்தை ஒரு மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

ஜூலை 10, புதன்

அதிகாரி மலையாளத்தில் கேட்டார்: பறவையை டீச்சர் நேரில் கண்டதுண்டா?

எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். கைபேசி, எதிர்க்கரை, தங்கையின் அழைப்பு. எதையும் மறைக்கவில்லை. குரல்கூடத் தழுதழுக்கவில்லை, அதில் ஒரு பெருமை இருந்தது. இப்போது எழுதும்போதுதான் அது தெரிகிறது.

விஜயதாஸ் தொடையில் தட்டிச் சிரித்தார். “எனக்க ஏலாயில கூடு வெச்சது டீச்சருக்க போனாக்கும், சார்! அதுக்கு முட்டையிட வேற எடம் பாத்துக் குடுக்கேன்.”

முதல் பத்தியே பொய்யென்றால் மற்றதை எப்படி நம்புவது என்றார் அதிகாரி. லிஜி தன் அடுக்களையைப் பற்றிச் சொல்ல எழுந்தபோது அவர் கோப்பை மூடிக்கொண்டிருந்தார்.

வாசலில் லிஜி குடையை விரிக்காமல் மழையில் நின்றாள்.

“நேத்தைக்கு எனக்க வீட்டுல இருந்து சாயா குடிச்சியள். அப்பம் ஒங்க நாக்கு எங்க போச்சு? ராத்திரி சொல்லியிருந்தா பட்சியை வெட்டிக் களஞ்சுட்டு வெள்ளத்தைச் சொல்லியிருப்பேன். கீழ்க்கரைக்காரங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருப்பேன். ஒங்களுக்கு மனசு லேசாச்சு. எனக்கு வீடு, டீச்சர். வீடு.”

பொய் சொன்னதைவிட உண்மையைச் சொன்ன விதம் மோசம். அத்தனை பேர் முன்னால் நேர்மையானவளாக நிற்க எனக்குப் பிடித்திருந்தது; அவள் முன்னால் தனியாக நிற்கத்தான் பயம்.

ஜூலை 11, வியாழன்

நடந்ததைப் பறவை நோக்கர் குழுவில் எழுதி, நிபினைத் திரும்பச் சேர்த்துவிட்டு, நான் விலகினேன். இந்த முறை சுருக்கமாக எழுதினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. சாலையோரப் பாதி பட்டியலிலிருந்து நீக்கம். தாழ்ந்த பாதி மிஞ்சியது. அதாவது மேலே நிரப்பினால் தண்ணீர் முழுவதும் லிஜியின் பக்கம் திரும்பும். சாலையோரத்தில் செம்மண் குவியல்கள் இன்றே தெரிகின்றன. கொக்குகள் அவற்றின் மேலும் நிற்கின்றன. அவற்றுக்கு உத்தரவு தெரியாது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

லிஜி வந்தாள். ஏழு வாரமாகத் தெருவில் என்னைக் கண்டால் முகம் திருப்பியவள். உள்ளே வந்து உட்காரவில்லை.

“அப்பீல் குடுக்கணும். வக்கீலு எழுதுனது எனக்கே விளங்கல்ல. நீங்க எழுதித் தாருங்க. இந்தத் தடவை நான் சொல்லுறதை மட்டும்.”

அவள் சொன்னாள், நான் மலையாளத்தில் எழுதினேன். ஓர் இடத்தில் பழக்க தோஷத்தால் ‘ஆண்டுதோறும் வெள்ளம் புகுகிறது’ என்று எழுதி, வாசித்துக் காட்டினேன்.

“ஆண்டுதோறும் இல்ல. கழிஞ்ச கொல்லமும் அதுக்கு முந்துன கொல்லமும், ரெண்டு வருசம்தான். அது மதி, போதும்.”

அடித்துத் திருத்தினேன். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்க்கரை வீட்டுக்காரர்கள் ஒப்பமிட இடம் விட்டு, கடைசியில் அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். என் பெயர் எங்கே என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காகிதத்தை மடித்து மழை படாமல் சேலைக்குள் வைத்துக்கொண்டு, “வாறேன்” என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை.