முட்டைக் கடிகாரம் கத்தவில்லை

மார்ச் 3

என் பாம்புக்காதுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய். மெயின் மிக்சர் எனக்குக் கிடைத்துவிட்டது! பதினாறு வருஷம் மேடைக்கு அடியில் ஒயர் சுருட்டியவள், ஸ்பீக்கர் பெட்டி தூக்கியவள், இனி எட்டுப் பேர் கொண்ட இசைக்குழுவின் மொத்தச் சத்தத்தையும் விரல் நுனியில் வைத்திருக்கப் போகிறேன். ஒரு பாட்டில் டிரம் எவ்வளவு, கிடார் எவ்வளவு, குரல் எவ்வளவு என்று முடிவு செய்வது நான்தான். குழுவின் தலைவி பாடகியேதான். அதிகம் பேச மாட்டார். "பண்ணுங்க, பாக்கலாம்" என்றார். அதைக் கேட்டதும் குதிக்காமல் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி ஓர் அரங்கத்தில் முதல் கச்சேரி. மே ஒன்பதாம் தேதி திறந்த மைதானத்தில் பெரிய கச்சேரி. அது நன்றாக அமைந்தால் ஒரு வருஷச் சுற்றுப்பயணம் முழுக்க நான்தான். சொதப்பினால் பழையபடி ஒயர்.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். உங்கள் பக்கம் சிக்னல் படுமோசம். நீ பேசுவதில் பாதி காற்றோடு போய்விடுகிறது. அதனால் இப்போதும் கடிதம்தான்.

இதோடு ஒரு குட்டிப் பார்சலும் வருகிறது. முட்டை வேகவைக்க ஒரு டைமர் வாங்கினேன். நேரம் முடிந்தால் கத்த வேண்டும். வாயே திறக்கவில்லை. கடையில் சண்டை போட்டு மாற்றி வந்தேன், இதுவும் அப்படியே. கடைக்காரர், "நல்லாத்தானே கத்துதும்மா" என்று என் முகத்தைப் பார்த்தே பொய் சொல்கிறார்! அச்சகத்தில் அத்தனை மிஷின்களைப் பிரித்து மாட்டுகிறவள் நீ. இதையும் கொஞ்சம் பார்.

இப்படிக்கு,
கால் தரையில் பாவாத உன் அக்கா


மார்ச் 10

என் மிக்சர் மகாராணிக்கு,

பைண்டிங் பிரிவு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். எங்கள் ஃபோர்மேன் மடிப்பு மிஷினையே நிறுத்திவிட்டு, "உங்க அக்கா கச்சேரியில பாடுறாங்களா?" என்று கேட்டார். "பாடுறவங்களையே கூட்டிக் குறைக்கிறது எங்க அக்காதான்" என்றேன். எப்படி?

உன் டைமருக்கு ஒரு கேடும் இல்லை. பார்சலைப் பிரித்து ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தேன். அது கத்திய கத்தலில், டூட்டி முடிந்து வந்து நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த என் வீட்டுக்காரர் பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் காலால் பிரேக்கைத் தேடினார். வழியில் குலுங்கியதில் தானே சரியாகிவிட்டது போலிருக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கூடவே இரண்டு ஜோடி இயர் பிளக்கும் இருக்கின்றன. இங்கே அதைக் காதில் செருகாமல் மிஷின் பக்கம் போனால் ஃபோர்மேன் வெளியே துரத்திவிடுவார். எங்கள் மிஷினைவிட உன் ஸ்பீக்கர் பெரிய வாய்க்காரி. ஒழுங்காகப் போட்டுக்கொள்.

ஏப்ரல் ஐந்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம்! நான் இதுவரை கச்சேரியை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார வைப்பாய்?

இப்படிக்கு,
நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தங்கை


மார்ச் 18

என் பாம்புக்காதுக்கு,

டைமர் திரும்பி வருகிற வழியில் மறுபடியும் உயிரை விட்டுவிட்டது. அதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகைப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று முட்டையும் கல், பாத்திரம் கரி. உன் ரிப்பேர் லட்சணம் இதுதானா?

இயர் பிளக் வந்து சேர்ந்தது. உன் பாசத்துக்கு மரியாதை கொடுத்து டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். குழுவில் எல்லோரும் போடுகிறார்கள். டிரம்மர் என்னையும் போடச் சொல்லி நச்சரிக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு யாராவது சமைப்பார்களா? சத்தம்தானடி என் தொழில்! ஒத்திகை முடிந்து வந்தால் காதுக்குள் ஒரு வண்டு ரீங்காரம் போடும். முன்பெல்லாம் காலைக்குள் பறந்துவிடும். இப்போது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இத்தனை வருஷம் உழைத்ததற்கு அதுவாவது கூட இருக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் மூன்றாவது வரிசை. பக்கத்திலேயே ஸ்பீக்கர். டிரம் நேராக நெஞ்சுக்குள் அடிக்கும். என் மிக்சர் அரங்கத்தின் நடுவில் இருக்கும், திரும்பினால் தெரிவேன். மாப்பிள்ளையைப் பிரேக் தேடாமல் உட்காரச் சொல்.

இப்படிக்கு,
கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அக்கா


ஏப்ரல் 8

அன்பு அக்காவுக்கு,

விளக்கு அணைந்து முதல் அடி விழுந்ததே, அப்போது எனக்கு ரோமமெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தனை தலைகளுக்கு நடுவே சின்ன விளக்கு வெளிச்சத்தில் நீ நின்றாய். பக்கத்து இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மாவிடம், "அதோ, அது எங்க அக்கா!" என்று கத்தினேன். அந்த நிமிஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இனி எழுதப்போவதை எழுத மூன்று நாள் யோசித்தேன்.

இரண்டாவது பாட்டிலிருந்து அந்த வெண்கலத் தட்டு, சிம்பல் என்பாயே, அது காதில் ஊசியாகக் குத்தியது. நான் இயர் பிளக் போட்டிருந்தேன், அப்படியும் குத்தியது. அந்த அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். எங்கள் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான். போட மாட்டேன் என்று வீம்பு பிடித்த என் வீட்டுக்காரர் இரண்டு நாளாக எல்லோரிடமும் உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரித்துக்கொண்டே ஒரு குமிழை இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை உன் அறையில் நீ அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கச்சேரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் கிடந்த டைமரை ஒரு நிமிஷத்துக்கு வைத்தேன். அது கத்தியது அக்கா. நாங்கள் இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். நீ கதையை நிறுத்தவே இல்லை. நானாக அணைக்கும்வரை கத்திக்கொண்டே இருந்தது. முட்டையைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன்.

டைமர் கெடவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. டைமரும் சிம்பலும் போடுகிற கீச்சுச் சத்தம் உனக்குக் கேட்கவில்லை, கேட்காததைத்தான் நீ ஏற்றி ஏற்றி வைக்கிறாய். மே ஒன்பதுக்கு முன்னால் காதைச் சோதித்துக்கொள். என்னைத் திட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதித்துவிட்டுத் திட்டு.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் உன் தங்கை


ஏப்ரல் 14

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. பதினாறு வருஷமாகச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். நீ காகிதம் மடிக்கிறவள். ஒரு முட்டை டைமரை வைத்து என் காதுக்குத் தீர்ப்பு எழுத உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இந்தப் பேச்சு தலைவியின் காதுக்குப் போனால் என் கதி என்ன என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா?

மே ஒன்பதுக்கு நீ வர வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 21

அன்பு அக்காவுக்கு,

ஆமாம், காகிதம்தான் மடிக்கிறேன். மடிக்கிற இடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் அச்சகத்தில் பெரிய மிஷின் ஓட்டிய ஒருவர் இருந்தார். இயர் பிளக்கெல்லாம் வருவதற்கு முந்தைய ஆள். நாங்கள் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார். நாங்கள் சிரிப்போம். ஏதோ வேடிக்கை நடக்கிறது என்று நினைத்து அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். இப்போது அதை நினைத்தால் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. அக்கா, உன்னைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்கக் கூடாது. அதற்கு முன்னால் நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

உன் கோபம் ஆறும்வரை வாரம் ஒரு கடிதம் வரும். தபால்காரரைத் திட்டாதே.

உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்,
உன் தங்கை


ஏப்ரல் 30

என் பாம்புக்காதுக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் பிரிக்காமல் மிக்சருக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் படித்தேன். அடுத்த நாள் காலை டைமரை ஒரு நிமிஷத்துக்கு வைத்து எதிரில் உட்கார்ந்தேன். எண் பூஜ்யத்துக்கு வந்தது. அதன் சிவப்பு விளக்கு மின்னியது. அறை அமைதியாக இருந்தது. எடுத்துக் காதோடு ஒட்டி வைத்தேன். மெல்லிய நூல் மாதிரி, எங்கோ அடுத்த தெருவில் கேட்பது மாதிரி ஒரு சத்தம். அப்படியே சட்டையை மாற்றிக்கொண்டு காது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

சோதனைக்கு ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கனத்த சத்தமெல்லாம் டக் டக்கென்று அழுத்தினேன். இதில் நான் முதல் மார்க் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சத்தமே இல்லை. அந்த டெக்னீஷியன் டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தேன். கதவைத் திறந்து, "முடிஞ்சுதும்மா" என்றார். "நடுவுல எங்க போயிட்டீங்க?" என்றேன். "நான் எங்கேயும் போகலையே, சத்தம் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

போனது திரும்பாதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். இசைக்காரர்களுக்கென்றே செய்த பிளக் கொடுத்திருக்கிறார்கள். பாட்டு தெளிவாகவே கேட்கிறது, சத்தம் மட்டும் இறங்குகிறது. மூக்கைப் பொத்திச் சமைப்பது பற்றி நான் எழுதியதைத் தயவுசெய்து யாருக்கும் காட்டாதே.

தலைவியிடம் போய் நின்றேன். "கீச்சுன்னு உச்சத்துல இருக்கிற சத்தம் எனக்குச் சரியா கேக்கலைங்க. அதனாலதான் சிம்பலை ஏத்தி ஏத்தி வச்சிருக்கேன்" என்றேன். அவர் சொன்னார்: "அன்னைக்கு ஜனங்க காதைப் பொத்தினதை நான் மேடையில இருந்தே பாத்தேன். வேற ஆளைப் போடணும்னு முடிவு பண்ணிட்டேன். நாளைக்குச் சொல்றதா இருந்தேன்." "இப்போ?" என்றேன். "இப்போ காரணம் தெரிஞ்சுபோச்சே. மே ஒன்பது நீங்களே பண்ணுங்க. மொத்தச் சத்தத்தையும் குறைங்க. அந்த உச்சத்துச் சத்தத்தைக் கேக்கறதுக்கு நம்பிக்கையான காது ஒண்ணைப் பக்கத்துல வச்சுக்கோங்க."

அப்படி ஒரு காது எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் மொட்டை மாடியில் ஒளிந்து பிஸ்கட் டப்பா திறந்தால் கீழேயிருந்து ஓடி வந்து பங்கு கேட்ட காது. வருகிறாயா? என் இடது பக்கம் உட்கார். குத்தினால் தோளைத் தட்டு, நான் குறைக்கிறேன். காகிதம் மடிக்கிறவள் என்று எழுதிய வரியைக் கறுப்பு மை வைத்து அடித்துவிடு.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் ஆசையோடும் அக்கா


மே 3

என் மகாராணிக்கு,

வருகிறேன் வருகிறேன் வருகிறேன்! ஃபோர்மேனிடம், "அக்கா தோளைத் தட்டணும், ரெண்டு நாள் லீவு வேணும்" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிளக் எடுத்துட்டுப் போறீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். இப்போதே என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர் பிளக்கோடுதான் வருவாராம். அந்த வரியை அடிக்க மாட்டேன். உன்னைக் கிண்டல் பண்ண எனக்கும் ஒன்று வேண்டாமா?

இப்படிக்கு,
தட்டத் தயாராக உன் தங்கை


மே 12

என் பாம்புக்காதுக்கு,

நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததைச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். தலைவி வந்தார். "ஒரு வருஷம் முழுக்க நீங்கதான்" என்றார்! ஆறு மாதத்துக்கு ஒரு முறை காதுச் சோதனை, பக்கத்தில் ஒரு காது, இரண்டும் கட்டாயம். உன் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள். உன்னையே கூப்பிட எனக்கு ஆசைதான், உங்கள் ஃபோர்மேன் கம்பெடுத்துக்கொண்டு வருவாரே என்று விட்டுவிட்டேன்.

நீ மொத்தம் இருபத்துமூன்று தடவை தட்டினாய். முதல் பாட்டில் மட்டும் ஒன்பது. இடது தோள் இன்னும் வலிக்கிறது. கடைசி மூன்று பாட்டுக்கு ஒரு தட்டும் இல்லை, தூங்கிவிட்டாயோ என்று திரும்பினேன். நீ அழுதுகொண்டிருந்தாய். மைதானத்தில் ஒரு கைகூட ஒரு காதின் மேலும் இல்லை. வாசலில் டிரம்மர் பெட்டியோடு நின்று பிளக் கொடுத்தாரே, காலிப் பெட்டியைத்தான் திரும்பக் கொண்டுவந்தார். என் வண்டு போகவில்லை. போகாதாம். ஆனால் அன்றைக்குப் புதிதாக ஒன்று வந்து சேரவில்லை.

டைமரை உனக்கே அனுப்பியிருக்கிறேன். அதன் கத்தலுக்கு உன் வீட்டில்தான் மதிப்பு. எனக்குப் பெரிய விளக்கு மின்னுகிற மாதிரி ஒன்றை அதே கடையில் வாங்கினேன். கடைக்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

உன்னிடமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. உங்கள் பக்கம் சிக்னலில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷமாக நீ போனில் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. உள்ளுக்குள் எனக்குத் தெரியும். சிக்னல் என்று சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணு. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்றே சொல்கிறேன். நீ திரும்பச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா