களர் என்றால் கலர் இல்லை

பிரியமுள்ள பிரீத்திகாவுக்கு,

உன் சுகம் கேட்குமுன் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அம்மா போனில் முந்திக்கொள்வாள். சூலக்கரையில் மண் பரிசோதிக்கிற ஆபீசில், நாலு பேர் பார்க்க, நம் ஏழாயிரம்பண்ணைப் புஞ்சைக் காட்டு மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, இதில் உப்பே இல்லை என்று வாதாடிவிட்டேன். அங்கிருந்த பொண்ணு சிரிக்காமல், "அண்ணாச்சி, உப்புன்னா நாக்குக்குத் தெரியும், அது உவர். இது களர். சோடியம் மண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, பி.எச். ஒன்பதரை. நீங்க நக்கித் தீராது" என்றது. அப்போதுதான் உறைத்தது, நமக்கு அந்தக் காட்டை விற்ற மனுஷன் களர் நிலம் என்று சொல்லித்தான் விற்றார். முப்பது வருஷம் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடித்த என் காதில் அது கலர் என்று விழுந்து, நல்ல கலரான நிலம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

இங்கே நாங்கள் சுகம். அந்தக் காடுதான் சுகமில்லாமல் கிடந்தது. மழை பெய்தால் சோப்பாக வழுக்கும், காய்ந்தால் சிமெண்டுத் தரை, தண்ணீர் கீழே இறங்காது. போன வருஷத்து உளுந்து முளைக்கவே இல்லை. அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "தைக்குள்ள பச்சை தெரியலன்னா, பட்டாசுக் கம்பெனிக்காரக கேக்காக, ஷெட்டுப் போடக் குடுத்துருவோம்." அந்த வாரம்தான் நீ போனில் சொன்னாய், ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் போய் சோடியத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், எழுந்தது மழைத்தண்ணீரோடு வடிந்து போகும் என்று. கம்பெனி வேனில் நம் பத்திரகாளி மதினி ஏறினால், அவள் வாய்க்குப் பயந்து சீட்டில் இருப்பவர் தானாக எழுந்துகொள்வது போல என்று புரிந்துகொண்டேன். ஜிப்சம் தூவி உழுது, வரப்புக் கட்டி, ஐப்பசி மழையைத் தேக்கி வடித்து, ஆபீஸ் பொண்ணு பசுந்தாள் உரத்துக்குச் சொன்ன தக்கைப்பூண்டை விதைத்தேன். பூத்ததும் மடக்கி உழ வேண்டுமாம். இப்போது இடுப்பளவு நிற்கிறது. அம்மா வந்து பார்த்தாள், அங்கேயே நின்று கம்பெனிக்காரருக்குப் போன் போட்டு நிலம் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு தூரத்தில் பனியில் உட்கார்ந்துகொண்டு அப்பன் காட்டைக் காப்பாற்றியிருக்கிறாய் தாயி. உன்னைப் படிக்க வைத்தேன் என்று பெருமை பேசுவேன், அந்தப் படிப்பு எனக்கே வந்து சோறு போடுகிறது.

காதை மூடாமல் வெளியே போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பத்திரகாளியம்மன் துணை இருப்பாள்.

உன் அப்பா,
செந்தூர்பாண்டி

இது உனக்கு மட்டும், அம்மாவிடம் மூச்சு விடாதே. கிழக்கு மூலைக்கு ஜிப்சம் போதாமல் தூவவே இல்லை. அங்கேயும், களருக்கு அஞ்சாத அந்தத் தக்கைப்பூண்டு இதே இடுப்பளவுதான்.