முதுகில் ஆறு கிளிப்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

அலமாரியில் விட்டுப்போன கருநீலக் கோட்டைக் கேட்டு இன்னொரு முறை ஆளனுப்ப வேண்டாம். டிவி சேனலில் ஆடைப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கான நேர்காணலுக்கு நான்தான் அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்றதைச் சமாளிக்கலாம் என்று தொடர் நடிகைகளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சொல்லி உடுத்திவிடுகிறேன். நம் இருவருக்கும் தோள் அளவு ஒன்றுதான். அது உங்களுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இடுப்பில்தான் தொளதொளவென்று இருந்தது. படப்பிடிப்பில் செய்வதுபோலவே முதுகுப் பக்கம் இழுத்து, துணி காயப்போடும் கிளிப் ஆறு மாட்டினேன். கேமரா முன்னால்தானே நிற்கும்!

அங்கே கேமராவே இல்லை என்பது, "அந்த போர்டுல வரைஞ்சு காட்டுங்க" என்று சேனல் தலைவி சொன்னபோதுதான் உறைத்தது. திரும்பினேன். ஆறு கிளிப்பும் அவர் கண்ணெதிரே.

"என்னம்மா இது?"

"உங்க தொடர்ல வர்ற ஜட்ஜ், டாக்டர், மேனேஜர் எல்லாருக்கும் முதுகுல இதான் மேடம். இத்தனை வருஷத்துல ஒண்ணாவது உங்க கண்ணுல பட்டுச்சா?"

விழுந்து விழுந்து சிரித்தார். "நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

நேற்று அந்தக் கோட்டைப் பிரித்து, என் அளவுக்கு வெட்டித் தைத்துவிட்டேன். இனி உங்களுக்குப் பத்தாது.

இப்படிக்கு,
தலைமை ஆடை வடிவமைப்பாளர்