அடுத்த வருஷத்து டாக்டருக்கு

மொரீஸ் அண்ணா,

நீ எழுந்திருக்கும்போது நானும் அம்மாவும் கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரி காலேஜில் இருப்போம். ஆமாம், மெடிக்கல் என்ட்ரன்ஸ் எழுதத்தான் போகிறேன்.

நேற்று சாப்பிடும்போது என்ன சொன்னாய்? "நானே இன்னும் ரெடியாவல, உனக்கு என்னா அவசரம்? அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேந்து எழுதலாம்." போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதையேதான் சொன்னாய். கல்யாணத்துக்குத்தான் மூத்தவர், இளையவர் என்று வரிசை பார்ப்பார்கள். பரீட்சைக்குமா? நீ ரெடியாகும்வரை காத்திருந்தால் நான் டாக்டராக மாட்டேன், நேராக நோயாளியாகத்தான் அந்த ஆஸ்பத்திரிக்குள் போவேன்.

இட்லியை மூடி வைத்திருக்கிறேன். வெளியே கிளம்பினால் சாவியைப் பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அக்காவிடம் கொடு. சாயங்காலம் உன் சிநேகிதன் இராமதாஸின் தம்பி, என்ட்ரன்ஸுக்கு எப்படிப் படிப்பது என்று உன்னிடம் கேட்க வருகிறான். நீ ஒரு தடவைகூட எழுதியதில்லை என்று சொல்லிவிடாதே. பாவம், நம்பி வருகிறான்.

அம்மா உன்னையும் எழுப்பிப் பார்த்தார். கண்ணைத் திறக்காமலே "அடுத்த வருஷம்" என்றாய்.

ஜிசேல்

பி.கு: கோபத்தில் எழுதிவிட்டேன். உன் ஹால் டிக்கெட் மேஜைமேல்தான் இருக்கிறது, சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டேன். பரீட்சை பத்து மணிக்கு. ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தால்கூடப் போதும்.

இன்னொன்று: உனக்கும் சேர்த்துத்தான் பென்சில் சீவி எடுத்துப் போகிறேன். மணி அடிக்கும்வரை உள்ளே போகாமல் கேட் பக்கத்திலேயே நிற்பேன். வா அண்ணா, தனியாக உள்ளே போகப் பயமாக இருக்கிறது.